மோகனூருக்கு ஒரு துனிஸ் கதவு

மூடின கதவைப் போட்டோ எடுக்கக் கூடாது என்று சொன்னது நான்தான். சொன்னதில் என்ன தப்பு என்று இப்போதும் கேட்பேன். புது வீட்டுக்கென்று முதன்முதலாக வருகிற படத்தில் கதவு சாத்திக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? விளக்கு வைக்கிற நேரத்தில் தலைவாசலைச் சாத்தினால் லட்சுமி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளை கூடச் சொல்லும். அதனால் என் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, எந்தக் கதவா இருந்தாலும் தெறந்து வெக்கச் சொல்லி எடுங்க. சாத்துன கதவு நமக்கு ஆகாது" என்றேன். அவரும் மகராசன், சொன்னதைச் சொன்னபடியே செய்தார். வந்தது வினை.

என் பேர் மைதிலி. மோகனூரில் சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் சின்னுசாமி ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக், ஆழ்துளைக் கிணறு போடத் துனிசியா தேசத்துக்குக் கப்பலேறியபோது இவரும் கூடப் போனார். போய் இரண்டு வருசமாகிறது. பாலைவனத்தில் துளை போடுவார், வேலை முடிந்தால் தலைநகரமான துனிஸுக்கு வந்து தங்குவார், மறுபடியும் எங்கேயாவது கிளம்பிவிடுவார். இங்கே தோட்டத்தில் எங்களுக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதை முன்னே நின்று கட்டியது அவருடைய அண்ணன் தனபால். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

தனபால் மாமா கெட்டவர் இல்லை. காலையில் கோழிப்பண்ணையில் தீவனம் போட்டுவிட்டு நேரே இங்கே வந்து, சுவர் நனைந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பார். எங்கள் சிமெண்டு மூட்டையை அவர் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே வீடு, அது அவர் வீடு. அங்கே சமையலறை எந்த மூலையோ இங்கேயும் அதே மூலை. அங்கே என்ன டைல்ஸோ இங்கேயும் அதே டைல்ஸ். நான் வாயைத் திறந்தால், "உனக்கென்ன தெரியும் அம்மிணி, நான் பாத்துக்கறேன்" என்பார். வீட்டுக்காரரிடம் போனில் முறையிட்டால், "அண்ணங்கிட்டக் கேட்டுக்க புள்ள" என்பார். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் அண்ணனை எதிர்த்து இவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் போன் வந்தால் படுத்திருக்கிறவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். என் கதையில் சாமியே பூசாரியைக் கேட்டுத்தான் வரம் கொடுக்கும்.

சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். அந்தப் படம் வருகிறவரைக்கும்.

துனிஸில் பழைய ஊர் என்று ஒன்று இருக்கிறதாம். மதில் சூழ்ந்த ஊர், நூற்றுக்கணக்கான வருசத்துப் பழசு, வண்டி நுழையாத சந்துகள். ஒருநாள் அங்கே போய், உள்ளங்கை இரண்டையும் விரித்த அகலத்தில், மேலே முத்திரை குத்தின ஒரு வட்ட ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்து அனுப்பினார். மூஞ்சி நிறைய சிரிப்பு. நான் அவர் மூஞ்சியையும் பார்க்கவில்லை, ரொட்டியையும் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் ஒரு கதவு தெரிந்தது. அப்பா! நீலம் என்றால் அப்படியொரு நீலம். அதன்மேல் கறுப்பு ஆணிகளை வரிசை வரிசையாக அடித்து, பூவும் நட்சத்திரமுமாகக் கோலம் போட்டிருந்தார்கள். கோலமேதான். புள்ளி வைத்து இழுத்த கோலம் மாதிரியே ஆணி வைத்து இழுத்திருந்தார்கள். ஒரு பாதிதான் தெரிந்தது. மறுபாதியை இவர் தலை மறைத்திருந்தது.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் ஒரு சாமான், ஒரே ஒரு சாமானாவது நான் கேட்டபடி இருக்கட்டும், அது இந்தக் கதவாக இருக்கட்டும் என்று மனசில் விழுந்துவிட்டது. விழுந்தால் எனக்கு எடுக்க வராது.

அதற்குள் தனபால் மாமா சேலத்தில் கதவு வாங்கி டெம்போவில் ஏற்றிவந்து இறக்கிவிட்டார். தேக்கு, நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. அவர் வீட்டுக் கதவின் கூடப்பிறந்த தங்கச்சி. நான் போனை நீட்டி நீலக் கதவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதென்ன அம்மிணி, கதவுக்கு அம்மை போட்டாப்பல?" என்றார்.

வீரபாகு ஆசாரி மட்டும் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். எங்கள் வீட்டு மர வேலை முழுக்க அவர்தான். "செய்யலாமுங்க. செய்ய முடியாதது ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "ஆனா அரைக் கதவ வெச்சு நான் என்ன பண்றது? மேல வளைவா, நேரா? ரட்டைக் கதவா, ஒத்தையா? வர்ற வெள்ளிக்கெழம நெலை வெக்கோணும்னா, திங்கக்கெழமயே நான் மரம் அறுத்தாகோணும். நேருக்கு நேரா முழுக் கதவு தெரியறாப்பல ஒரு படம் கொண்டாங்க."

தனபால் மாமா துண்டை உதறினார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள படம் வந்தா அப்பறம் பேசிக்கலாம். வராட்டி லட்சுமிதான். நல்ல நாளைத் தள்ளி வெக்க முடியாது" என்றார். நியாயம்தான். ஆவணியை விட்டால் வேறு நாள் தோதுப்படவில்லை. அங்கேயும் திங்கட்கிழமை விடிந்தால் இவருடைய ரிக் தெற்கே பாலைவனத்துக்குக் கிளம்புகிறது. ஆக, இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்குக் கட்டடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் சார்ஜ் நிறைய, கையில் மோர்ச் சொம்பு. தலைவாசல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை, அதில் ஒரு சாக்குப் படுதா. வீரபாகு ஒரு பக்கம் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். தனபால் மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, 'பார்க்கலாம் வேடிக்கையை' என்கிற மாதிரி காலாட்டிக்கொண்டிருந்தார். நமக்கு உச்சி வெயில் ஏறும்போதுதான் அங்கே காலைச் சாப்பாட்டு நேரம். வீடியோ கால் வந்தது.

"எங்கீங்க இருக்கறீங்க? போன நேரா புடிங்க! உங்க மூக்கு மட்டுந்தான் தெரியுது!"

"கம்முனு இரு புள்ள, திருப்பறேன்."

திருப்பினார். அடேயப்பா! வெள்ளையடித்த சுவர்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றன. மேலே வளைவு வளைவாக வீட்டுக்கு வீடு தாங்கல். வெயில் ஒரு துண்டு மட்டும் சந்தில் விழுந்து கிடந்தது. அதில் ஒரு பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது. எங்கோ செம்புத் தட்டைத் தட்டுகிற சத்தம். ஒரு வளைவைத் தாண்டினால் துணிக்கடை, அடுத்த வளைவைத் தாண்டினால் அத்தர் கடை, அதையும் தாண்டினால் ஒரு கதவு. மஞ்சள் கதவு! அடுத்து பச்சை! அடுத்து நீலம்!

"நில்லுங்க நில்லுங்க நில்லுங்க! அதுதானுங்களா?"

"இதில்ல. அதுல நட்சத்திரம் இருந்துச்சு, இதுல மீனு இருக்குது."

"மீனா? கதவுல மீனா? காட்டுங்க!" தனபால் மாமாவின் கால் ஆடுவதை நிறுத்தியது. நாற்காலியை ஒரு சாண் என் பக்கம் இழுத்துப்போட்டதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன்.

எந்தச் சந்தில் அந்தப் படம் எடுத்தார் என்று இவருக்கு நினைவில்லை. பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் எங்கேயோ, அவ்வளவுதான். பூமிக்கடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்த மனுசனுக்கு, பூமிக்கு மேலே வந்த வழி தெரியவில்லை. சந்து குறுகக் குறுகச் சிக்னல் விட்டு விட்டு வந்தது. சுவரெல்லாம் முழ அகலம் இருக்கும் போல.

"இப்பிடிப் பேசிட்டே போனா ஆகாது. நீலக் கதவா எதப் பாத்தாலும் நான் எடுத்து அனுப்பறேன், நீ பாத்துச் சொல்லு" என்றார்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். தெறந்து வெக்கச் சொல்லி எடுங்க என்று. கூடவே, "வெறுங்கையோட யாரு ஊட்டுக்கும் போயிறாதீங்க, ஏதாச்சும் வாங்கிக்கங்க" என்றும் சொன்னேன். ஒறம்பரையாக, விருந்தாளியாகப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் நம் மானம் என்ன ஆவது? சரி சரி என்றார். லைன் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மோர் தீர்ந்தது. வீரபாகு சாப்பிட்டுவிட்டு வந்தார். தனபால் மாமா பண்ணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்னாச்சு, உன்ற ஊட்டுக்காரன் காணாமப் போயிட்டானா?" என்றார். போனைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறி நின்றேன், தொட்டியின் மேல் ஏறி நின்றேன். கடைசியில் மொட்டை மாடியில் கம்பிகளுக்கு நடுவே நின்றபோது சிக்னல் வந்தது. டிங். டிங். டிங் டிங் டிங். மழை கொட்டினாற்போல் படங்கள்.

ஓட்டமாகக் கீழே ஓடிவந்தேன். "ஆசாரி! மாமா! வந்திருச்சு! வாங்க!"

மூன்று தலைகளும் போன்மேல் கவிழ்ந்தன. முதல் படம்: வாசற்படியில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் இருட்டான நடை. இரண்டாவது: இடுப்பில் கை வைத்த இரண்டு பெண்கள், பின்னால் பூப்போட்ட டைல்ஸ் சுவர். மூன்றாவது: ஒரு குடும்பமே வரிசையாக நிற்கிறது, பெரிய பையன் இவர் வாங்கிக்கொண்டு போன திராட்சைப் பையைத் தூக்கிக் காட்டுகிறான். நான்காவது, ஐந்தாவது... எல்லாப் படத்திலும் ஆள் இருக்கிறது, படி இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது.

வீரபாகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார். "ஏனுங்க அம்மிணி, கதவெங்கீங்க?"

"என்னது?"

"எல்லாத்தையும் உள்பக்கமாத் தெறந்து வெச்சிருக்கறாங்க. கதவு சொவத்துக்குள்ளார போயிருச்சு. இதுல தெரியறது பூரா வாசலுங்க. கதவு ஒண்ணுகூட இல்லீங்க."

தனபால் மாமா சிரித்த சிரிப்பில் தென்னையில் இருந்த காக்கை பறந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "கதவ எடுடான்னா ஒரு ஊரு வாசலையே எடுத்துட்டு வந்திருக்கறான்! தெறந்து எடுங்கன்னு சொன்னது யாரு? நீயா?" எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மனுசன் வீடு வீடாகத் தட்டி, திராட்சை கொடுத்து, கதவைத் திறக்கவைத்து, கதவே இல்லாத படமாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்!

மறுபடியும் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில், "மைதிலி! கெடைச்சிருச்சு புள்ள! கெடைச்சிருச்சு!" என்று கத்தினார். "அந்தக் கதவேதான்!"

"எப்படீங்க?"

"கதவ வெச்சு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல. அந்த ரொட்டி மேல ஒரு முத்திரை குத்தியிருந்துச்சில்ல? இங்க ஊட்டுக்கு ஊடு தனி முத்திரையாட்ட இருக்குது. ஒரு கடைக்காரரு அந்தப் படத்துல அதப் பாத்ததும், இது ஸல்வா ஊட்டு ரொட்டின்னு சொல்லிக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து உட்டுட்டாரு. அவங்க ஊட்டுலதான் இப்ப இருக்கறேன். சாப்பாடு போட்டாங்க. நெம்ப நல்லவங்க."

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பார்த்தால் இவர் காதில் ஒரு மல்லிகைக் கொத்து! மொட்டாகக் கோத்து, குச்சியில் கட்டி, காதுக்குமேல் செருகியிருந்தது.

"ஏனுங்க! அதென்ன காதுல? யாரு வெச்சது?"

"இங்க ஆம்பளைங்க வெச்சுக்குவாங்க. ஒறம்பரைக்குத் தர்ற மரியாதையாம்."

"பாத்தியா, உன்ற ஊட்டுக்காரன் காதுல எவனோ பூ வெச்சுட்டான்" என்று தனபால் மாமா மறுபடி குலுங்க ஆரம்பித்தார். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"பூவு கெடக்குது. நான் சொல்றதக் கேளுங்க. நான் சொன்னது தப்புங்க. கதவச் சாத்தச் சொல்லுங்க. சாத்திப்போட்டு, வெளிய நின்னு, எதிர்ச் சொவத்துல முதுகு ஒட்டறாப்பல நின்னு, நேருக்கு நேரா எடுங்க. சீக்கிரம்!"

அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அதெப்படி புள்ள?"

"எதெப்படி?"

"சோறு போட்ட ஊட்டுல போயி, என்னய வெளிய உட்டுக் கதவச் சாத்துங்கன்னு நான் எப்பிடிச் சொல்றது? நாமளா இருந்தா என்ன நெனைப்போம்? ஒருத்தன் ஒறம்பரையா வந்து தின்னுபோட்டு, கதவச் சாத்துன்னு சொன்னா, மூஞ்சில அடிச்சாப்பல இருக்காதா? நான் சொல்லமாட்டேன்."

"ஐயோ கெரகமே! படத்துக்குத்தானுங்க!"

"அது அவங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிஞ்சது நாலு வார்த்தை. அஸ்லாமான்னா வணக்கம். பெஹின்னா சரி. சாத்துங்கறதுக்கு என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

வீரபாகு தலையை ஆட்டினார். "அவரு சொல்றதும் நாயந்தானுங்க அம்மிணி." தனபால் மாமாவும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆமா, அப்பிடிச் சொல்லக் கூடாது" என்றார். அடப் பாவிகளா! கதவு கண்ணெதிரே இருக்கிறது, மூன்று ஆம்பிளைகளும் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன அந்தம்மா கையில குடுங்க" என்றேன்.

"புள்ள..."

"குடுங்கங்கறேன்ல!"

கொடுத்தார். என் வயசுக்காரிதான். தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. என்னைப் பார்த்ததும் வெள்ளைப் பல் தெரியச் சிரித்து ஏதோ சொன்னாள். எனக்கு அஸ்லாமா மட்டும் புரிந்தது. நானும் அஸ்லாமா என்று வைத்தேன். அதற்குமேல் பாஷை இல்லை. கைதான் இருக்கிறதே! போனைத் திருப்பி, எங்கள் வாசலில் இருக்கும் ஓட்டையைக் காட்டினேன். சாக்குப் படுதாவை விலக்கிக் காட்டினேன். அவள், "ஆ!" என்றாள். அப்புறம் என் இரண்டு உள்ளங்கைகளையும் அகல விரித்து, மெதுவாகக் கொண்டுவந்து ஒன்றோடொன்று சேர்த்தேன். சேர்த்த கையைக் கண்ணால் காட்டினேன். பிறகு என் நெஞ்சில் கை வைத்து, ஓட்டையைக் காட்டினேன். எனக்கு, இங்கே, இது வேண்டும்.

அவள் என் கையைப் பார்த்தாள், தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று, "பெஹி, பெஹி!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். என் வீட்டுக்காரரின் நெஞ்சில் மாவுக் கையை வைத்து உள்ளே ஒரு தள்ளு. அவர், "ஏனுங்க... ஏனுங்க..." என்று தமிழிலேயே பதறுவது கேட்டது. போனோடு அவள் படி இறங்கிச் சந்துக்கு வந்தாள். கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சாத்தினாள். இவர் உள்ளே! அவர்கள் வீட்டுக்குள் இவரை அடைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று போனை உயர்த்தினாள். முதலில் கதவு முழுசாக அடங்கவில்லை. போனில் ஏதோ தொட்டாள், படம் விலகி விரிந்தது.

முழுக் கதவு!

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கரும்புக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரட்டைக் கதவு. மேலே வளைவு, வளைவைச் சுற்றிச் செதுக்கின கல். நீலம் அங்கங்கே வெளிறிப் போய், அதனாலேயே இன்னும் அழகாக இருந்தது. நடுவில் ஒரு பெரிய நட்சத்திரம், அதிலிருந்து கொடி கொடியாக ஆணிக் கோலம் கீழே வரைக்கும். வெயில் துண்டு சரியாகக் கதவின் மேல்பாதியில் விழுந்து, ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாக நிழல் போட்டது. வீரபாகு, "அப்பிடிப் போடு!" என்று தொடையில் தட்டினார். அவள் படம் எடுத்தாள். கிட்டே போய் எடுத்தாள். ஆணியை எடுத்தாள், கீலை எடுத்தாள், அளவுக்குத் தன் கையைக் கதவில் ஒட்டி வைத்து அதையும் எடுத்தாள். சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

கதவில் மூன்று இரும்பு வளையங்கள் தொங்கின. இடது பக்கத்து வளையத்தைத் தூக்கித் தட்டினாள். கனமான சத்தம். மீசையை முறுக்குகிற மாதிரி விரலால் காட்டினாள். ஆம்பிளைகளுக்கு! வலது பக்கம் தட்டினாள். கணீரென்று மெல்லிய சத்தம். தன் நெஞ்சையும் தொட்டு, போனில் தெரிந்த என்னையும் காட்டினாள். பொம்பிளைகளுக்கு. கீழே இருந்த சின்ன வளையம் பிள்ளைகளுக்கு. வாசலில் நிற்பது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும் போல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மறுபடியும் எனக்காக வலது வளையத்தைத் தட்டினாள்.

கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் நின்றார்.

இரண்டு வருசமாக நான் அவர் மூஞ்சியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். போனில் தெரிவது அவ்வளவுதானே. இப்போதுதான் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. பேண்ட் இடுப்பில் சுருக்கிக் கட்டியிருந்தது. வெறுங்காலோடு, காதில் மல்லிகையோடு, நெஞ்சில் மாவுக் கை அச்சோடு, கதவைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று நின்றார். அந்த நேரத்தில்தான் தனபால் மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சின்னு, அண்ணன் பேசறேன்டா."

"சொல்லுங்கண்ணா." அங்கே அவருடைய முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

"கதவெல்லாம் பாத்தேன். வேடிக்கைக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம பங்காளிகள்ல யாரு ஊட்டுல இப்பிடி ஆணியடிச்ச கதவு இருக்குது? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது? நான் சேலம் போயிப் பாத்துப் பாத்து வாங்கியாந்த கதவு அந்தா நிக்குது. நீ என்ன சொல்ற?"

எனக்கு அடுத்த வார்த்தை மனப்பாடம். 'நீங்க சொன்னாச் சரிங்கண்ணா.' பதினாறு வருசமாகக் கேட்ட வார்த்தை. கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சொம்பைக் கழுவலாம் என்று நினைத்துக்கொண்டேன். படம் கிடைத்து என்ன, முழுக் கதவு கிடைத்து என்ன?

"அண்ணா" என்றார். நிறுத்தினார். ஸல்வா என்ன நடக்கிறதென்று தெரியாமல் இவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க. காத்தாலிருந்து எத்தனையோ ஊட்டுப் படி ஏறிட்டேனுங்க. எல்லா ஊட்டுலயும் இந்தக் கதவ யாரு வெச்சதுன்னு அவங்களுக்குக் கைசாடையிலயாச்சும் சொல்லத் தெரியுது. ஒருத்தரு, உன்ற ஊட்டுக் கதவு எப்பிடி இருக்கும்னு சாடையிலயே கேட்டாருங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்கண்ணா. நான் பாக்கவே இல்லியே. அது மைதிலிக்குத்தான் தெரியுது. இருக்கப் போறதும் அவதானுங்க. அவ சொல்ற கதவே இருக்கட்டுமுங்க."

தனபால் மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா? கேக்குதுங்களா?"

"கேக்குது, கேக்குது" என்றார். போனை என்னிடம் நீட்டினார், என் முகத்தைப் பார்க்காமல். எழுந்து சாக்குப் படுதா வரைக்கும் போனார், திரும்பி வந்தார். சுவரில் சாய்ந்து நின்ற கஜலட்சுமி கதவைத் தொட்டுப் பார்த்தார். மனசு வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. அவருக்காக எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க என் வாய் வரவில்லை.

"ஆசாரி" என்றார் கடைசியில். "லட்சுமிய அறுத்துச் சுருக்கிப் பூசை அறைக்கு வெக்கலாமா? முடியுமா?"

"முடியுமுங்க."

"எங்கிட்டச் சொல்லாத. அம்மிணியக் கேளு. இனி இந்த ஊட்டுல எதுன்னாலும் அம்மிணியக் கேளு" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மீனு இருந்துச்சே, அதையும் கீழ ஒரு ஓரத்துல வெக்க முடியுமான்னு கேளு" என்றார்.

ஊர் வாயெல்லாம் எனக்குத்தான் என்பார்கள். போனில் அவர், "புள்ள, சந்தோசமா? ஏன் பேசமாட்டேங்கற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஸல்வா அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்ட ஆட்டக் கண்ணீர் சேலையில் விழுந்தது.

வீரபாகு இழைத்து வைத்திருந்த நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டுவந்து, வாசல் ஓட்டையில் நிறுத்தினார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"அம்மிணி, இங்க வந்து நில்லுங்க. அந்தப் பொம்பளைங்க வளையத்த எந்த ஒசரத்துல வெக்கறதுன்னு தெரியல. வெளிய இருந்து வந்து தட்டறாப்பல கைய வெய்யுங்க பாக்கலாம்."

நான் படுதாவுக்கு வெளியே போய் நின்று கையைத் தூக்கிப் பலகையில் வைத்தேன்.

"ஆடாம நில்லுங்க அம்மிணி" என்றார். என் விரலை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். இந்த வீட்டில் என் கையை வைத்து அளந்த முதல் அளவு அதுதான்.